பழைய உயில், பழைய புரொபேட்: சென்னையில் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

என் கொள்ளுத்தாத்தாவின் உயிலைத் தேடி இரண்டு வருஷம் அலைந்தேன். அது தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், அவர்களுடைய சம்பந்திகள், சம்பந்திகளின் ஆபீஸ் நண்பர்கள் என்று யாராவது ஒருவர் போன் செய்து, ‘எங்க தாத்தா உயில் எங்கே கிடைக்கும் சார்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் வக்கீல் இல்லை. சொத்துத் தகராறு இருந்தால் வக்கீலிடம் போங்கள். இது பழைய காகிதம் தேடுகிறவர்களுக்கு.

உயில் தெரியும். புரொபேட் என்றால் என்ன?

உயில் எழுதியவர் இறந்த பிறகு, ‘இதுதான் அவருடைய கடைசி உயில், முறைப்படி எழுதப்பட்டது’ என்று நீதிமன்றம் விசாரித்து ஒப்புக்கொண்டு, உயிலின் நகலில் தன் முத்திரையைப் போட்டுக் கொடுப்பதுதான் புரொபேட். அரசுத் தமிழில் மெய்ப்பிதழ் என்பார்கள். பாரிமுனையில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை; குமாஸ்தா முதல் வக்கீல் வரை ‘புரொபேட்’தான். உயிலிலேயே எக்ஸிக்யூட்டர், அதாவது நிறைவேற்றுபவர் என்று ஒருவரைக் குறிப்பிட்டிருந்தால் அவர் பெயருக்குப் புரொபேட் கிடைக்கும். அப்படி யாரையும் குறிப்பிடாமல் விட்டிருந்தால், உயிலை இணைத்து ‘லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்று வேறு பெயரில் கொடுப்பார்கள். தேடும்போது இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். புரொபேட் பட்டியலில் இல்லை என்று பாதியில் திரும்பி வந்தவர்கள் உண்டு.

அப்படியானால் அசல் உயில் யாரிடம் இருக்கும்?

முக்கியமான கேள்வி இதுதான். அசல் நீதிமன்றத்திடம் இருக்கும். குடும்பத்துக்குக் கிடைத்தது முத்திரை போட்ட நகல் மட்டுமே. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு, புரொபேட் கொடுக்கப்பட்ட அசல் உயில்கள் நீதிமன்ற ஆவணங்களோடு வைக்கப்பட வேண்டும் என்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நம் வீடுகளில் பழைய பத்திரங்களுக்கு என்ன கதி நேரும் என்று உங்களுக்கே தெரியும். பரணில் டிரங்குப் பெட்டி, அதில் கரையான், பாகப்பிரிவினையில் பெட்டி ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம். உயிலைக் குடும்பத்தின் கையிலிருந்து வாங்கி நூல் கட்டி எண் போட்டு அலமாரியில் வைத்ததால்தான் அது இன்றைக்கும் இருக்கிறது. ‘வீட்டில் எல்லாம் தேடியாச்சு, இல்லை’ என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது: வீட்டில் இல்லாமல் போனதே நல்ல அறிகுறியாக இருக்கலாம்.

சென்னையில் இது எப்போது ஆரம்பித்தது?

1726-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜார்ஜ் கொடுத்த சாசனத்தால் மதராஸ், பம்பாய், கல்கத்தா மூன்று ஊர்களிலும் மேயர் கோர்ட்டுகள் முறையாக ஏற்பட்டன. உயிலுக்குப் புரொபேட் வழங்கும் அதிகாரம் அவற்றுக்கு இருந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து 1749 வரை வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு 1753-இல் புதுச் சாசனம் வந்தது. 1798-இல் ரெக்கார்டர் கோர்ட், 1801-இல் மதராஸுக்கென்றே ஒரு சுப்ரீம் கோர்ட், 1862-இல் ஹைகோர்ட். பாரிமுனைக்குப் பக்கத்தில் நிற்கும் சிவப்புக் கட்டடம் 1892-இல்தான் வந்தது.

சுப்ரீம் கோர்ட் காலத்துக் காகிதங்களில் உயில் விவகாரம் நடந்த பக்கத்துக்கு ‘எக்ளீசியாஸ்டிக்கல்’ என்று பெயர் இருக்கும். திருச்சபைக்கு உரியது என்று அர்த்தம். முதல் தடவை பார்த்தபோது ஏதோ சர்ச் கணக்கு என்று நினைத்துத் தள்ளி வைத்துவிட்டேன். இங்கிலாந்தில் 1858 ஜனவரி வரை உயிலுக்குச் சான்று கொடுத்தவை திருச்சபை நீதிமன்றங்கள். அந்தப் பழக்கம் கப்பல் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் தன் மனைவிக்கு ‘இரண்டாவது நல்ல கட்டிலை’ எழுதிவைத்த 1616-ஆம் ஆண்டு உயிலும் அப்படி ஒரு திருச்சபை நீதிமன்றக் காகிதக் கட்டில் இருந்துதான் பிழைத்தது. அவர் கையால் எழுதிய நாடகம் ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை, கட்டில் மிஞ்சியிருக்கிறது.

உயில் நம் ஊர் வழக்கமே இல்லை என்கிறார்களே?

சொல்லே நம்முடையது இல்லை. ஆங்கில ‘வில்’தான் தமிழ் நாக்கில் உயில் ஆயிற்று. மரண சாசனம் என்றும் எழுதுவார்கள். கூட்டுக் குடும்பத்தில் சொத்து பிறப்பாலேயே பிள்ளைகளுக்கு வருகிறது என்ற பழைய இந்து முறையில் உயிலுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் துறைமுகப் பட்டணத்தில் ஒரு மனிதன் தன் கையாலேயே சம்பாதித்துப் பெரிய பணம் சேர்த்துவிட்டால் என்ன செய்வது? கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரத்தோடு உயிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

சென்னைக்காரர்களுக்கு எல்லோருக்கும் தெரிந்த உயில் ஒன்று உண்டு, உயில் என்று தெரியாமலே. பச்சையப்ப முதலியார் 1754-இல் பிறந்தவர், துபாஷியாக, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்து பெரும் பொருள் சேர்த்தவர். 1794 மார்ச் 22-ஆம் தேதி உயில் எழுதினார். மார்ச் 31-ஆம் தேதி திருவையாற்றில் இறந்துபோனார். எழுதியதற்கும் இறந்ததற்கும் நடுவில் ஒன்பது நாள். நாற்பது வயது. சொத்தைக் கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் எழுதியிருந்தார்.

அப்புறம் நடந்தது நாம் எல்லோரும் நம் குடும்பங்களில் பார்த்ததுதான்: தகராறு, வழக்கு, இழுத்தடிப்பு. நாற்பது ஆண்டுக்கு மேல் பணம் கோர்ட் கணக்கிலும் வழக்கிலும் கிடந்தது. கிடந்த பணம் வட்டி போட்டது. கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியது போக மிச்சம் பெருகிவிட்டதால், அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலியோர் முயன்று அதைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842-இல் பள்ளிக்கூடம் திறந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் பச்சையப்பன் கல்லூரி. என்.எஸ்.சி. போஸ் சாலையில் கிரேக்கக் கோயில் மாதிரி தூண்களோடு நிற்கும் பச்சையப்பன் மண்டபம் 1850-இல் எழுந்தது. எதிரே ஹைகோர்ட். பள்ளிக்கூடம் என்ற சிந்தனை அந்த உயிலில் இல்லை. உயில் ஒழுங்காக உடனே நிறைவேறியிருந்தால் கல்லூரியும் இருந்திருக்காது. அந்தத் தாமதத்தைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

எங்கள் தாத்தா தஞ்சாவூர்க்காரர். அவருக்கும் புரொபேட் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

இந்துக்களைப் பொறுத்தவரை, 1870 செப்டம்பர் 1-க்குப் பிறகு சென்னை நகர எல்லைக்குள் எழுதின உயில், அல்லது வெளியே எழுதினாலும் சென்னைக்குள் இருக்கும் வீடு, மனையைப் பற்றிய உயில், இந்த இரண்டுக்கும்தான் புரொபேட் கட்டாயம் என்று இருந்தது. எல்லை என்றால் ஹைகோர்ட்டின் அசல் சிவில் அதிகார எல்லை, அதாவது ஹைகோர்ட்டே சிவில் வழக்கை முதலில் நேரடியாக விசாரிக்கும் பகுதி. தஞ்சாவூரில் எழுதித் தஞ்சாவூர் நிலத்தைக் கொடுத்திருந்தால் கட்டாயம் கிடையாது, யாரும் போயிருக்க மாட்டார்கள். ஆனால் அதே தாத்தா திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்தால்? அந்த ஒரு வீட்டுக்காக உயில் சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்திருக்கும். தஞ்சாவூர் நஞ்சை, புஞ்சை, மாட்டுக் கொட்டகை எல்லாம் அதோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். ‘தாத்தாவுக்குச் சென்னையில் ஏதாவது இருந்ததா?’ என்று பெரியத்தையிடம் கேளுங்கள். அத்தைகளுக்குத்தான் இது ஞாபகம் இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கதை வேறு. 2002-இல் சட்டம் திருத்தப்படும் வரை அவர்களுக்கு ஊர் எதுவானாலும் புரொபேட் தேவைப்பட்டது. அதனால் திருநெல்வேலியோ தூத்துக்குடியோ, அந்தந்த மாவட்ட நீதிமன்றத்தில் தேட வேண்டும். முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை.

நாங்கள் நான்கு தலைமுறையாகச் சைதாப்பேட்டை. அப்போது ஹைகோர்ட்தானே?

அவசரப்படாதீர்கள். சைதாப்பேட்டை மாநகராட்சிக்குள் வந்ததே 1946-இல். அதற்கு முன் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் கலெக்டர் கச்சேரியே சைதாப்பேட்டையில்தான் இருந்தது. இன்றைய பஸ் ரூட்டை வைத்து அன்றைய எல்லையைக் கணக்குப் போடக் கூடாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம், ஜார்ஜ் டவுன் என்றால் ஹைகோர்ட். ஓரத்தில் இருந்த ஊர் என்றால் செங்கல்பட்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எந்த வருஷத்தில் தேடுவது?

நான் தோற்ற இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பாட்டி சொன்னது, ‘ரௌத்திரி வருஷம் தை மாசம் எழுதினார்.’ ரௌத்திரி என்றால் 1920 என்று பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, ஓர் அலுவலகத்தில் 1920 என்று எழுதிக் கொடுத்தேன். இல்லை என்று மனு திரும்பியது. மறுபடி கொடுத்தேன், மறுபடி திரும்பியது. என்ன தப்பு என்று அங்கே யாரும் சொல்லவில்லை, சொல்ல அவர்களுக்கு நேரமும் இல்லை. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குகிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். ரௌத்திரி தை என்பது 1921 ஜனவரி, பிப்ரவரி.

அதைத் திருத்தியும் கிடைக்கவில்லை! ஏனென்றால் நீதிமன்றத்தில் வரிசை, உயில் எழுதின வருஷப்படி இல்லை, புரொபேட் மனு போட்ட வருஷப்படி. கொள்ளுத்தாத்தா உயில் எழுதிவிட்டு ஐந்து வருஷம் சௌக்கியமாக இருந்திருக்கிறார். கடைசியில் 1926-ஆம் வருஷத்து வரிசையில் கிடைத்தது. ஆகவே இறந்த தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். இறந்த தேதி தெரியாவிட்டால் வீட்டில் திவசம் கொடுக்கும் திதியைக் கேளுங்கள், வருஷம் கிடைக்காவிட்டாலும் மாதம் கிடைக்கும். இறந்த வருஷத்திலிருந்து ஐந்தாறு வருஷம் வரை தள்ளிப் பார்ப்பது நல்லது. வீட்டை விற்க வேண்டிய அவசரம் வரும்வரை யாரும் கோர்ட் பக்கம் போக மாட்டார்கள்.

இன்னொன்று, அறுபது வருஷச் சுற்று. ரௌத்திரி 1860-இலும் வரும், 1980-இலும் வரும். எந்தச் சுற்று என்று பிள்ளைகளின் வயதை வைத்துச் சரிபாருங்கள்.

கோர்ட்டில் நகல் எப்படிக் கேட்பது?

பெயர், இறந்த வருஷம், முடிந்தால் வழக்கு எண். புரொபேட் மனுவுக்கு ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) எண் இருக்கும். வழக்கில் கட்சிக்காரராக இல்லாதவர் கேட்பதால், யார் நீங்கள், எதற்கு வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டியிருக்கும். வாரிசுச் சங்கிலியைக் காட்டும் காகிதம் கையில் இருந்தால் வேலை சுலபம். தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருந்தால் இன்னும் சுலபம். எண் தெரியாவிட்டால் வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். வீட்டை யாராவது பிறகு விற்றிருந்தால், அந்தக் கிரயப் பத்திரத்தில் ‘சென்னை ஹைகோர்ட் ஓ.பி. நம்பர் இன்னதில் புரொபேட் பெற்று’ என்று ஒரு வரி இருக்கும். எனக்கு 1926 என்று காட்டிக்கொடுத்ததே அந்த வரிதான்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், உயில் வரவில்லை. பதிவே ஆகவில்லை என்று அர்த்தமா?

இல்லை. வில்லங்கச் சான்று பதிவு அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்திலிருந்து வருகிறது. கிரயம், அடமானம், தானம் மாதிரியானவை அதில் இருக்கும். உயில் 3-ஆம் புத்தகம். தனிப் புத்தகம், தனி அட்டவணை. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமும் இல்லை.

3-ஆம் புத்தகத்தில் ஓர் அழகான விதி உண்டு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய ஏஜெண்டுக்கும் மட்டும்தான் நகல். அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்கலாம். ‘யார் கேட்டாலும்’ என்பதைக் கவனியுங்கள், வாரிசாக இருக்க வேண்டும் என்றுகூட 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்லவில்லை. இறப்புச் சான்றோடு போங்கள்.

சிலர் உயிலை உறையில் போட்டு ஒட்டி முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அது 5-ஆம் புத்தகத்தில் ஒரு வரியாக மட்டும் இருக்கும்: இன்னார், இன்ன தேதி, உறை ஒன்று. எழுதியவர் இறந்த பின் யாராவது மனுக் கொடுத்தால், அவர் எதிரிலேயே உறையைத் திறந்து, உள்ளே இருப்பதை 3-ஆம் புத்தகத்தில் எழுதிவிட்டு அசலை மறுபடி பத்திரப்படுத்துவார்கள். யாரும் கேட்காவிட்டால்? பிள்ளைகளுக்கு உறை இருப்பதே தெரியாவிட்டால்? நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

கிடைத்துவிட்டது. ஆனால் படிக்க முடியவில்லை.

முதலில் மொழி. ஹைகோர்ட்டின் வேலை மொழி ஆங்கிலம், அதனால் தமிழ் உயிலோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் கட்டில் இருக்கும். மொழிபெயர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எங்கள் உயிலில் தமிழில் அட்டிகை, காசுமாலை, ஒட்டியாணம் என்று தனித்தனியாக, யார் யாருக்கு என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் மூன்றும் ‘நகைகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. எந்தப் பெண்ணுக்கு எது என்பதில்தானே குடும்பக் கதையே இருக்கிறது?

அடுத்தது குறிகள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. ‘௸யார்’ என்று வந்தால் மேற்படியார், அதாவது முன்னால் சொன்ன அதே ஆள். எண்களும் பழைய தமிழ் எண்களாக இருக்கலாம்: ௧, ௨, ௩, பத்துக்கு ௰, நூறுக்கு ௱. பழைய மதராஸ் உயிலில் தொகை வராகனில் இருந்தால், ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-இல் ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கிட்டார்கள்.

பிறகு அந்த நடை. ‘பூரண சுயபுத்தியுடன் யாதொருவர் தூண்டுதலும் இன்றி’ என்பது எல்லா உயிலிலும் இருக்கும், அதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம். ‘சுயார்ஜிதம்’ என்றால் தானே சம்பாதித்தது. இந்தச் சொல் வந்தால் கவனியுங்கள், பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை உண்டு என்பதால் ‘இது என் சொந்தச் சம்பாத்தியம், என் இஷ்டம்’ என்று அழுத்திச் சொல்கிறார். ‘செக்குபந்தி’ என்பது நான்கு எல்லை. தெற்கே இன்னார் வீடு, கிழக்கே தெரு என்று இருக்கும். தெருப்பெயர் மாறிப்போனாலும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு’ என்று மனைவிக்கு எழுதியிருந்தால் வீட்டில் இருக்கலாம், விற்க முடியாது. மகனுக்கு வரும்போது ‘தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்று நடை நீளும். தானம் கொடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்ளலாம். ஒரே வீடு, ஒரே காகிதம், அம்மாவுக்கு ஒரு வரி, மகனுக்கு மூன்று வரி.

கையெழுத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நகலில் ஏமாறுவார்கள். ‘(ஒப்பம்)’ என்று மட்டும் இருக்கும். எங்கள் உயிலில் ஒப்பம்கூட இல்லை, ‘இன்னார் கைநாட்டு’ என்று இருந்தது. பித்தளைப் பாத்திரக் கடை நடத்தி மூன்று வீடு வாங்கியவருக்கு எழுதத் தெரியாது என்பது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.

உயிலைத் தவிர அந்தக் கட்டில் வேறு என்ன இருக்கும்?

என்னைக் கேட்டால் உயிலைவிட அதுதான் சுவாரஸ்யம். மனுவில் இறந்த தேதி, வாரிசுகள், முகவரிகள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவரின் பிரமாணப் பத்திரம். சாட்சி பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், கடைப் பங்காளி, அல்லது வைத்தியர். சொத்துப் பட்டியலும் மதிப்பும். எக்ஸிக்யூட்டர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருஷத்துக்குள் கணக்கும் கோர்ட்டில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எல்லோரும் கொடுத்துவிடுவதில்லை, கொடுத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எங்களுடையதில் கடைச் சரக்கு முழுவதும் இருந்தது: தவலை, குத்துவிளக்கு, சொம்பு எல்லாம் எண்ணிக்கையாக இல்லை, எடையாக. பாத்திரக் கடைக்காரர் வீட்டுக் கணக்கு அப்படித்தான் இருக்கும். கடைசியில் ‘வரவேண்டிய பாக்கி’ என்று ஒரு பக்கம், யார் யார் கடன் வைத்திருந்தார்கள் என்று. அதில் எங்கள் உறவினர்கள் நான்கு பேர்.

யாராவது எதிர்த்திருந்தால் இன்னும் விசேஷம். கேவியட், அதாவது ஆட்சேப மனு போட்டு உயிலை மறுத்தால் ஓ.பி. போய், டி.ஓ.எஸ். (டெஸ்டமெண்டரி ஒரிஜினல் சூட்) என்ற உரிமையியல் வழக்காக மாறும். அப்போது எழுத்து வாக்குமூலம், சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் சேரும். ‘உயில் எழுதின அன்று அவர் பேசினாரா? யார் கஞ்சி கொடுத்தது? பெரிய மருமகள் அறையில் இருந்தாளா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார்கள். ஒற்றுமையாக இருந்த குடும்பத்துக்கு நான்கு பக்கம் மிஞ்சும்; அடித்துக்கொண்ட குடும்பத்துக்கு நானூறு பக்கம். கௌரவம் பார்க்கிறவர்கள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு திறக்கவும்.

வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர், ஆர்மீனியர் உயில்கள்?

இவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. மதராஸில் புரொபேட் ஆன உயில்களின் பிரதிகள் கம்பெனிக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘எல்/ஏஜி/34/29’ என்ற வரிசையில் இருக்கின்றன. பக்கத்து வரிசையான ‘எல்/ஏஜி/34/27’-இல் சொத்துப் பட்டியல்களும் ஏலக் கணக்குகளும். இறந்த அதிகாரியின் மேஜை, நாற்காலி, சட்டை, ஒயின் பாட்டில் எல்லாம் பொது ஏலத்தில் போயிருக்கும். வாங்கினவர் பெயரும் விலையும் எதிரே இருக்கும். வாங்கினவர்களில் நம் ஆட்களும் உண்டு என்பதால் அந்தப் பக்கங்களை வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று தள்ள வேண்டாம்.

சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்துக்கும் பரங்கிமலைப் படிகளுக்கும் பணம் கொடுத்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1751-இல் இறந்தார். உடல் வேப்பேரியில் இருக்கிறது. இதயத்தை மட்டும் ஈரானில் உள்ள ஜுல்ஃபாவுக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினார்கள்.

லண்டனுக்குப் போக முடியாதவர்கள் எழும்பூருக்குப் போகலாம். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மேயர் கோர்ட் காலத்து ஆவணங்கள் உள்ளன. அவற்றில் சில தொகுதிகள் அச்சிலும் வந்திருக்கின்றன. அச்சுத் தொகுதியிலிருந்து தொடங்குவதே நல்லது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்து சும்மா விடாது.

உயிலில் எழுதினபடியே நடந்திருக்கும் என்று நம்பலாமா?

கூடாது. அது அவர் ஆசைப்பட்டது. நடந்தது தெரிய வேண்டும் என்றால் பிறகு வந்த கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், வரி ரசீது எல்லாம் பார்க்க வேண்டும். உயிலில் பெயர் இல்லாத பிள்ளையை ‘ஒதுக்கிவிட்டார்’ என்றும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே பங்கு கொடுத்துப் பத்திரம் எழுதியிருக்கலாம். மகள்களுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், கல்யாணச் சீர் கணக்கு வேறெங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் நிஜமாகவே ஒன்றும் கொடுக்கவில்லைதான்.

இனிமேல் புரொபேட்டே வேண்டாம் என்று சட்டம் வந்துவிட்டதாமே?

கட்டாயம் போய்விட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. அந்தப் பிரிவுதான் சென்னை, மும்பை, கொல்கத்தா இந்துக்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. ஒரே நாட்டில் மூன்று ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு செலவு என்பது நியாயம் இல்லைதான். விரும்புகிறவர்கள் இப்போதும் புரொபேட் வாங்கலாம்.

குடும்பங்களுக்கு நல்லது. என் மாதிரி ஆட்களுக்கு ஒரு சின்ன வருத்தம். 2026-இல் எழுதப்படும் உயிலை 2126-இல் ஒரு கொள்ளுப்பேத்தி தேடினால், அசல் பீரோவில் இருக்குமா, யாருடைய பீரோவில்? பதிவு செய்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் கட்டணம்கூடக் கிடையாது. 3-ஆம் புத்தகத்தில் ஏறிவிட்டால் வீட்டுப் பிரதி தொலைந்தாலும் நகல் கிடைக்கும்.

வீட்டிலேயே ஒரு பழைய உயில் கிடைத்திருக்கிறது. என்ன செய்ய?

லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். மடிப்பை இஸ்திரி போட்டு எடுக்காதீர்கள். (சிரிக்காதீர்கள், ஒருவர் செய்தார்.) பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். பின்பக்கம் முக்கியம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை என்றாலும் பழக்க தோஷத்தில் அதிலேயே எழுதினவர்கள் நிறைய. அப்படி இருந்தால் தாளின் பின்னால் ஸ்டாம்பு வெண்டரின் பெயர், விற்ற தேதி, வாங்கினவர் பெயர் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். வாங்கின தேதி உயிலின் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் ஏதோ சரியில்லை, வக்கீலிடம் காட்டுங்கள். எங்களுடையதில் தேதி சரியாக இருந்தது. ஆனால் தாளை வாங்கினவர் என்று கொள்ளுத்தாத்தா பெயர் இல்லை, அவருடைய இரண்டாவது மருமகன் பெயர் இருந்தது. மூன்று வீட்டில் பெரிய வீடு அவருக்குத்தான் போயிற்று.